டோனிகாவா பாக்கப் போறீங்களா, ஒரு ராத்திரிக்கு ஒரு எபிசோட் போதும்

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், இந்த சீரிஸை ஒரே ஞாயித்துக்கிழமைல உக்காந்து முடிச்சிடலாம்னு மட்டும் பிளான் பண்ணாதீங்க. டோனிகாகு கவாய், சுருக்கமா டோனிகாவா, ஜப்பான்ல வந்த ஒரு அனிமே, அதாவது கார்ட்டூன் சீரிஸ். தலைப்புக்கு அர்த்தம் கேட்டா "என்ன ஆனாலும் சரி, அவ அழகுதான்"னு சொல்லலாம். புதுசா கல்யாணம் ஆன ரெண்டு பேர் வீட்டுக்கு ஒரு மெத்தை வாங்குறாங்க, குளிக்கப் போறாங்க, மோதிரம் வாங்குறாங்க, மாமனார் மாமியாரைப் பாக்கப் போறாங்க, கதைன்னு எடுத்தா பாதிக்கு மேல இவ்ளோதான். இதை மடமடன்னு பாத்தா நாலாவது எபிசோட்லயே "என்னப்பா இதுல ஒண்ணுமே நடக்கலையே"ன்னு தோணிடும், அப்படித்தான் என் ஃப்ரெண்ட்ஸ்ல ரெண்டு பேர் பாதியிலயே விட்டுட்டாங்க. அதே சீரிஸை நானும் என் வீட்டுக்காரரும் கிட்டத்தட்ட ஒரு மாசமா ராத்திரிக்கு ஒண்ணுன்னு பாத்தோம், எங்களுக்குக் கல்யாணம் ஆன புதுசுல நடந்த நல்ல விஷயம்னு கேட்டா நான் இதைத்தான் முதல்ல சொல்லுவேன். அதனாலதான் எப்படிப் பாக்கணும்னு இவ்ளோ நீளமா எழுதுறேன்.

எங்களோடது வீட்ல பாத்து வெச்ச கல்யாணம். போன்ல பேசினது மொத்தமா ஒரு பத்து தடவை இருக்கும், அதுலயும் பாதி நேரம் "சாப்டீங்களா, சாப்டேன், நீங்க"ன்னே போயிடும். கல்யாணம் முடிஞ்சு நாலாவது நாள் ஓசூர் வந்துட்டோம், அவர் பேச்சிலரா இருந்த வீடு, உள்ள போய் பாத்தா ஒரு பாய், ஒரு தலகாணி, ஒரு போர்வை, ஒரே ஒரு தட்டு. அவர் ரொம்ப சங்கடப்பட்டு "நாளைக்கு வாங்கிடலாம்"னு சொல்லிட்டு தலகாணியை என் பக்கம் தள்ளி விட்டுட்டு துண்டை மடிச்சு தலைக்கு வெச்சுக்கிட்டார். ரெண்டு வாரம் கழிச்சு டோனிகாவா ரெண்டாவது எபிசோட் ஓடுது, அதுல ஹீரோ நாசா வீட்லயும் ஒரே ஒரு ஃபூத்தோன்தான், தரைல விரிக்கிற மெத்தை, இருக்கு, கல்யாணம் ஆன ராத்திரியே ரெண்டு பேரும் இன்னொரு ஃபூத்தோன் வாங்கக் கிளம்புறாங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல திரும்பி மூலைல சுருட்டி வெச்சிருந்த அந்தப் பழைய பாயைப் பாத்தோம். அன்னைக்குத்தான் அவர் என் முன்னாடி வாய்விட்டு சிரிச்சாரு, முதல் தடவை.

சரி விஷயத்துக்கு வர்றேன், எந்த வரிசைல பாக்கணும்னு நிறைய பேர் குழம்புறாங்க, ஏன்னா நடுவுல தனி எபிசோடுங்க இருக்கு. முதல் சீசன் 2020 அக்டோபர்ல ஆரம்பிச்சு டிசம்பர்ல முடிஞ்சது, 12 எபிசோட். அதுக்கப்புறம் 2021ல எஸ்என்எஸ்னு ஒரு தனி எபிசோட், நாசா வேலைக்காக ஒரு ராத்திரி வீட்டை விட்டு வெளிய தங்க வேண்டி வருது, ரெண்டு பேரும் மெசேஜ்லயே ராத்திரியை ஓட்டுவாங்க, அவ்ளோதான் கதை, ஆனா வேலை விஷயமா புருஷன் பொண்டாட்டி தள்ளி இருக்கிற யாரும் இதைத் தவற விடக்கூடாது. அடுத்தது 2022ல செய்ஃபுகு, யூனிஃபார்ம்னு அர்த்தம், அதுவும் ஒரே எபிசோட். பிறகு ரெண்டாவது சீசன், 2023 ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும், அதுவும் 12. கடைசியா அதே 2023 ஜூலைல ஹைஸ்கூல் டேஸ்னு நாலு எபிசோட், நாசா ஒரு பொண்ணுங்க ஸ்கூல்ல தற்காலிக டீச்சரா போவான். வந்த வரிசையிலயே பாருங்க, மாத்தாதீங்க. மொத்தம் 30 எபிசோட், ஒண்ணு கிட்டத்தட்ட 24 நிமிஷம், கூட்டிப் பாத்தா 12 மணி நேரம். ராத்திரிக்கு ஒண்ணுன்னா சரியா ஒரு மாசம். க்ரஞ்சிரோல்ங்கிற அனிமே ஆப்ல பாருங்க, சப்டைட்டிலோட ஜப்பானிய ஆடியோலதான் பாக்கணும்னு நான் அடிச்சுச் சொல்லுவேன், காரணம் பின்னாடி சொல்றேன், அதுதான் இந்தப் பதிவுலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

முதல் எபிசோட் பத்தி கொஞ்சம் எச்சரிக்கை. நாசா யுசாகின்னு ஒரு பையன், படிப்புல கெட்டிக்காரன், விண்வெளிக்கு ராக்கெட் விடுற நாசாவோட பேராச்சே, அந்தப் பேரே அவனுக்குப் பெரிய சுமை, ஹைஸ்கூல் நுழைவுத் தேர்வு சமயத்துல ஒரு பனி கொட்டுற ராத்திரி ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பொண்ணைப் பாக்குறான், அவளையே பாத்துக்கிட்டு நடந்ததுல லாரில அடிபடுறான். லாரிக்கும் அவனுக்கும் நடுவுல பாஞ்சு அவன் உயிரைக் காப்பாத்துறது அந்தப் பொண்ணுதான். காப்பாத்திட்டு அவ பாட்டுக்கு நடந்து போயிடுறா, இவன் ரத்தம் வழிய வழிய பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னாடியே போய் பிடிச்சிருக்குன்னு சொல்றான், அவ "கல்யாணம் பண்ணிக்கிட்டா சரி"ங்கிறா, இவன் சரிங்கிறான், மயங்கி விழுறான். கண்ணு முழிச்சா ஆஸ்பத்திரி, அவ இல்ல. வருஷங்கள் ஓடுது, அவன் ஹைஸ்கூலுக்கே போகாம வேலை செஞ்சுக்கிட்டு அவளைத் தேடிக்கிட்டே இருக்கான். அவனுக்கு 18 வயசு ஆன அன்னைக்கு அவ வந்து கதவைத் தட்டுறா, கையில கல்யாண ஃபார்ம்.

இந்த இடத்துல நம்ம ஆளுங்க எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணுதான், ஒரு தடவை பாத்தவனை எதுக்கு அவ கட்டிக்கணும், லாரி அடிச்சும் இவளுக்கு எப்படி ஒண்ணும் ஆகல. தயவுசெஞ்சு இந்தக் கேள்வியை எடுத்து ஓரமா வெச்சிடுங்க, தூக்கிப் போடாதீங்க, ஓரமா வெச்சிடுங்க. கதாசிரியர் கென்ஜிரோ ஹாட்டா அதை மறக்கல, அங்கங்க ஒரு சொட்டு ஒரு சொட்டா பதில் விட்டுக்கிட்டே வருவார், ரெண்டாவது சீசன்ல கொஞ்சம் அதிகமாவே விடுவார். அந்தப் பதிலுக்காகவே உக்காந்தீங்கன்னா நடுவுல இருக்கிற நல்லதெல்லாம் கண்ணுல படாமப் போயிடும்.

பாக்குறதுக்கு முன்னாடி ஒரு கதை மட்டும் தெரிஞ்சுக்கிட்டா போதும், ஜப்பான்ல சின்னக் குழந்தைக்கும் தெரிஞ்ச கதை, நமக்குத் தெரியாததால இந்த சீரிஸ்ல பாதி விஷயம் கை நழுவிப் போயிடும். மூங்கில் வெட்டுற ஒரு தாத்தா, ஆயிரம் வருஷத்துக்கும் மேல பழைய கதை இது. ஒரு நாள் மூங்கில் ஒண்ணு மினுமினுன்னு எரியுது, வெட்டிப் பாத்தா உள்ள விரல் உசரத்துக்கு ஒரு பொண்ணு. தாத்தாவும் பாட்டியும் எடுத்து வளக்குறாங்க, காகுயான்னு பேர், பேரழகியா வளர்றா. அஞ்சு பெரிய இடத்து மாப்பிள்ளைங்க வந்து கியூல நிக்கிறாங்க, அவ ஒவ்வொருத்தருக்கும் நடக்கவே நடக்காத ஒரு வேலை குடுக்குறா, ஒருத்தருக்கு புத்தரோட கல் திருவோடு, ஒருத்தருக்கு டிராகன் கழுத்துல இருக்கிற ரத்தினம், இப்படி, அஞ்சு பேரும் தோத்துப் போறாங்க. சக்கரவர்த்தியே கேட்டும் சரின்னு சொல்லல. கடைசில பாத்தா அவ நிலாவுல இருந்து வந்தவ, ஒரு பௌர்ணமி ராத்திரி நிலாக்காரங்க வந்து அவளைத் திரும்பக் கூட்டிட்டுப் போயிடுறாங்க. போறதுக்கு முன்னாடி சக்கரவர்த்திக்கு ஒரு கடிதமும் சாகாமலே இருக்க வைக்கிற ஒரு மருந்தும் விட்டுட்டுப் போறா. அவ இல்லாம சாகாம இருந்து என்ன பண்ணப் போறேன்னு சொல்லி அதை ஒரு மலை உச்சில வெச்சு எரிக்கச் சொல்லிடுறார், அந்த மலைதான் ஃபூஜின்னு கதை முடியுது.

இதை மனசுல வெச்சுக்கிட்டு முதல் எபிசோட் பாருங்க. அந்தப் பொண்ணு பேரு ட்சுகாசா ட்சுகுயோமி, ட்சுகுயோமின்னா ஜப்பான்காரங்களோட நிலா தெய்வத்தோட பேரு. நாசா அவளை விடாம துரத்திப் போறதுக்குக் காரணமே இப்ப விட்டுட்டா நிலாவுக்குத் திரும்பிப் போயிடுவாளோங்கிற பயம்தான். இன்னொண்ணு, நாசாங்கிற அவன் பேரை எழுதுற சீன எழுத்தைத் தனியாப் படிச்சா ஹோஷிசோரா, நட்சத்திர வானம்னு அர்த்தம். இப்ப முதல் சீசன் முடிவுப் பாட்டோட பேரைப் பாருங்க, ட்சுகி டொ ஹோஷிசோரா, நிலாவும் நட்சத்திர வானமும். புருஷன் பொண்டாட்டி பேரையே சேத்து பாட்டுக்கு வெச்சிருக்காங்க! எனக்கு இது புரியறதுக்கு ஏழு எபிசோட் ஆச்சு, அதுக்கப்புறம் முடிவுப் பாட்டை ஒரு நாளும் ஸ்கிப் பண்ணல, நீங்க முதல் நாள்ல இருந்தே பண்ணாதீங்க.

அவங்க கல்யாணம் நடக்குற விதம் நம்ம ஊர் கண்ணுக்கு ரொம்ப விநோதமா இருக்கும், மேளம் இல்ல, மண்டபம் இல்ல, ராத்திரி நேரத்துல ஒரு அரசு ஆபீஸுக்கு நடந்து போய் ஃபார்மைக் குடுத்துட்டு வெளிய வந்தா புருஷன் பொண்டாட்டி. இது அனிமேக்காகப் பண்ணின கற்பனை இல்ல. ஜப்பான்ல கொன்யின் தொடோகேன்னு ஒரு ஃபார்ம், அதைக் குடுத்தாத்தான் சட்டப்படி கல்யாணம், சடங்கு வெச்சாலும் வெக்காட்டியும் சட்டத்துக்கு அது கணக்கில்ல, சாட்சியா வயசு வந்த ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டிருந்தா போதும். ராத்திரியிலயும் லீவு நாள்லயும் வாங்கி வெச்சுக்க தனி ஜன்னல் இருக்கும், மறுநாள் சரி பாத்தாலும் குடுத்த தேதிதான் கல்யாண தேதி. ரெண்டு பேரும் ஒரே குடும்பப் பேருக்கு மாறணும்ங்கிறதும் அவங்க சட்டம், அதனாலதான் ட்சுகாசா அன்னைக்கு ராத்திரியே யுசாகி ஆயிடுறா. அவன் 18 ஆகுற நாள்ல அவ வந்து நிக்கிறதுக்கும் காரணம் சட்டம்தான், ஆம்பளைக்கு அதுதான் கல்யாண வயசு. இதெல்லாம் தெரிஞ்சு பாத்தா அந்த ஆபீஸ் சீன்ல இருக்கிற அமைதி வேற மாதிரி இருக்கும், அவ்ளோ பெரிய விஷயம் அவ்ளோ சத்தமில்லாம முடிஞ்சிடுது, ரெண்டு பேரும் அதே ரோட்டுல திரும்பி நடந்து வர்றாங்க.

இப்ப ஆடியோ விஷயம். ஜப்பானிய ஆடியோல பாக்கச் சொல்றது பந்தாவுக்காக இல்ல. நம்ம தமிழ்க் காதுக்கு அந்த பாஷை இங்கிலீஷ் சப்டைட்டிலை விட நிறைய சொல்லும், நிஜமா சொல்றேன். வீட்டை விட்டு வெளிய கிளம்பும்போது ஒருத்தர் "இத்தெகிமாஸ்"ம்பாங்க, சப்டைட்டில்ல "நான் கிளம்புறேன்"ங்கிற மாதிரி ஒண்ணு வரும். ஆனா இத்தென்னா போயிட்டு, கிமாஸ்னா வர்றேன். அப்படியே நம்ம "போயிட்டு வர்றேன்"! வீட்ல இருக்கிறவங்க "இத்தெராஷ்ஷாய்"ம்பாங்க, அது "போயிட்டு வாங்க". போறேன்னு மொட்டையா சொல்லக்கூடாதுன்னு நம்ம பாட்டி திட்டுவாங்களே, அதே எண்ணம்தான் அங்கயும், இங்கிலீஷ்ல அந்த "வர்றேன்" காணாமப் போயிடுது. இந்த சீரிஸ்ல அந்த "வர்றேன்"தான் உயிரே, ஏன்னா ஒரு தடவை சொல்லாமக் கொள்ளாம மறைஞ்சு போன பொண்ணு அவ. திரும்பி வரும்போது "ததாயிமா", இப்பதான் வந்தேன், அதுக்குப் பதில் "ஒகாயெரி", வந்தாச்சா. தனியா இருந்த ஒரு பையனோட அறைல இந்த ஒகாயெரிங்கிற வார்த்தை கேக்க ஆரம்பிக்கிறதை கவனிச்சுப் பாருங்க, எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைச்சிடும்.

அப்புறம் "தபெத்தெ மிரு", தபெத்தென்னா சாப்பிட்டு, மிருன்னா பாக்குறது, சாப்பிட்டுப் பாக்குறேன். செஞ்சு பாக்குறேன், போட்டுப் பாக்குறேன், எல்லாத்துக்கும் அதே "மிரு"தான் பின்னாடி வரும், நம்ம மாதிரியே. தெரியாம எதையாவது பண்ணிட்டா "ஷிமாத்தா"ன்னு முடிப்பாங்க, அது நம்ம "பண்ணிட்டேன்"ல வர்ற அந்த "ட்டேன்" மாதிரி. வாக்கியத்தோட கடைசில "நே"ன்னு இழுத்தா நம்ம "நல்லாருக்குல்ல"ங்கிறதுல வர்ற "ல்ல". மூணு எபிசோட் தாண்டினதும் இது தானா காதுல விழ ஆரம்பிக்கும், நாங்க ரெண்டு பேரும் இதை ஒரு விளையாட்டாவே வெச்சிருந்தோம், யாருக்கு முதல்ல "மிரு" கேக்குதோ அவங்க கையைத் தூக்கணும்.

கூப்பிடுற விதத்தையும் கவனிங்க. அவன் அவளை ட்சுகாசா ச்சான், அவ அவனை நாசா குன். மரியாதைக்குப் போடுற சான் வேற, இது செல்லத்துக்குப் போடுற "ச்சான்", காதைத் தீட்டி வெச்சுக்கிட்டா வித்தியாசம் புரியும். புருஷனும் பொண்டாட்டியும் ஒருத்தரை ஒருத்தர் எப்படிக் கூப்பிடுறதுன்னு தவிக்கிறது எங்க வீட்லயும் நடந்துச்சு, நான் "ஏங்க"ன்னுதான் கூப்பிட்டேன், அவர் என்னை "நீங்க, வாங்க"ன்னு பேசிட்டு இருந்தார், பதினோராவது எபிசோடோ பன்னெண்டாவதோ ஓடிட்டு இருக்கும்போது தண்ணி எடுக்கப் போனவர் உள்ள இருந்து "நீ வா, உனக்கும் சுக்குக் காபி போடவா"ன்னு கேட்டார். நான் பாஸ் பண்ணி வெச்ச படத்தை அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் ஓட விட்டேன்.

வீட்ல இருக்கிறவருக்கு அனிமேன்னா சண்டைதான் பிடிக்கும், காதல் கதைக்கு உக்கார மாட்டார்னா ஒரு வழி இருக்கு. நாசாவுக்குக் குரல் குடுத்திருக்கிறது ஜுன்யா எனோகி, ஜுஜுட்சு கைசென்ங்கிற சண்டை அனிமேல யூஜி இடாதோரி பேசுறவரும் அவர்தான். ரெண்டு சீரிஸும் அதே 2020 அக்டோபர்லதான் ஆரம்பிச்சது. பேயை அடிக்கப் பாய்ஞ்ச அதே குரல் இங்க பொண்டாட்டி கையைப் பிடிக்கலாமா வேணாமான்னு தடுமாறுது. ட்சுகாசா குரல் அகாரி கிட்டோ, டீமன் ஸ்லேயர்ல நெசுகோ அவங்கதான், அதுல வாயில மூங்கிலைக் கட்டிக்கிட்டு முனகிட்டு இருந்தவங்க இங்க எவ்ளோ அழகா பேசுறாங்கன்னு கேக்கணும், முதல் சீசன் ஆரம்பப் பாட்டையும் ட்சுகாசாவா அவங்களேதான் பாடியிருக்காங்க. என் வீட்டுக்காரரை உக்கார வெச்சது இந்த ஒரு தகவல்தான்.

எங்க எல்லாம் நிதானமா பாக்கணும்னு கேட்டீங்கன்னா, குளியல் கூடம் வர்ற இடமெல்லாம். செந்தோன்னு சொல்ற பொதுக் குளியல் கூடம், அரிசுகாவா குடும்பம் நடத்துது, ஆம்பளைக்கு ஒரு பக்கம், பொம்பளைக்கு ஒரு பக்கம். தொட்டிக்கு வெளிய உக்காந்து சோப்பு போட்டு நல்லா தேச்சுக் குளிச்சுட்டுத்தான் சுடுதண்ணித் தொட்டில இறங்கணும், தொட்டித் தண்ணி எல்லாருக்கும் பொது, அதுல அழுக்குப் படக்கூடாது. அந்த வீட்டு ரெண்டாவது பொண்ணு கானாமே, வயசுல சின்னவ, ஆனா நாசாவுக்குக் கல்யாண வாழ்க்கை பத்தி புத்தி சொல்றது அவதான், அவ பேசுற ஒவ்வொரு வரியும் கேக்கணும். அக்கா ஆயாவுக்கு நாசா மேல ஏற்கெனவே ஒரு பிரியம், அவனுக்குக் கல்யாணம் ஆனதை அந்தப் பொண்ணு ஏத்துக்கிற விதம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது, கூச்சலில்ல, சாபமில்ல. பின்னாடி நாசாவோட வீடு எரிஞ்சு போய் இவங்க போக்கிடம் இல்லாம நிக்கும்போது இடம் குடுக்கிறதும் இந்தக் குளியல் கூடம்தான்.

எட்டாவது எபிசோடும் அதுக்கு முன்னாடி வர்ற பயணமும் அடுத்தது. நாசாவோட அப்பா அம்மா நாராவுல இருக்காங்க, ஜப்பானோட பழைய தலைநகரம், ரோட்டுல மானுங்க சுத்துற ஊரு. சொல்லாம கல்யாணம் பண்ணிக்கிட்ட மருமக முதல் தடவை மாமியார் வீட்டு வாசல்ல நிக்கப் போறா, எதுக்கும் அசராத ட்சுகாசா இங்க பதட்டப்படுறா. நம்ம ஊர் பொண்ணுங்க யாருக்கும் இந்த எபிசோடுக்கு சப்டைட்டிலே வேணாம். இதை மட்டும் அவசரத்துல பாக்காதீங்க, நல்லா சாப்பிட்டு முடிச்சு பாத்திரமெல்லாம் கழுவி வெச்சுட்டு உக்காருங்க.

மோதிரம் வாங்குற எபிசோட் அஞ்சாவது. நாசா எதையும் கணக்குப் போட்டுத்தான் யோசிப்பான், மனசுக்குள்ள ஒரு விஷயத்தைப் பிடிச்சா அதோட விலை, எடை, விஞ்ஞானம் வரைக்கும் ஓடிடுவான், ஆரம்பத்துல இது கதையை இழுக்குற மாதிரி தெரியும், 1.25 ஸ்பீடுல வெக்கத் தோணும். வெக்காதீங்க. அவனுக்கு அன்பைக் காட்டத் தெரிஞ்ச ஒரே பாஷை அதுதான், அவ்ளோ நீளமா யோசிச்சு முடிச்சுட்டு ஒரே ஒரு சின்ன விஷயம் செய்வான், அந்த நீளம் இல்லாம அந்தச் சின்ன விஷயத்துக்கு எடை இருக்காது.

பிடிக்காததையும் சொல்லிடணும். சிதோசேன்னு ஒரு பணக்காரப் பொண்ணு, கூட ரெண்டு மெய்டுங்க, இந்தக் கல்யாணத்தைப் பிரிக்கணும்னு மூணாவது எபிசோட்ல இருந்து வருவாங்க, அந்தக் காமெடி எனக்கு ஒட்டவே இல்ல, சீரிஸ்ல பலவீனமான இடம் அதுதான். ஆனா அந்தப் பொண்ணு எதுக்கு இவ்ளோ துடிக்குதுங்கிறது பின்னாடி போகப் போகப் புரியும், அதனால ஓட்டி விடாம பாத்துடுங்க. படம் வரைஞ்சிருக்கிறதும் சாதாரணம்தான், பெரிய பெரிய ஸ்டுடியோ வேலை மாதிரி பேக்ரவுண்ட்ல எல்லாம் கண்ணு நிக்காது, முகங்களுக்குத்தான் கவனம் எடுத்திருக்காங்க. குழந்தைங்களோட பாக்கலாமான்னு கேப்பீங்க, அசிங்கமா எதுவும் கிடையாது, ஆனா முத்தம் உண்டு, குளியல் சீன்ல துண்டு கட்டின காட்சிகள் உண்டு, சில இடத்துல கிண்டல் பேச்சும் உண்டு, அதனால நீங்க ஒரு தடவை பாத்துட்டு முடிவு பண்ணுங்க. மாமியாரோட ஹால்ல உக்காந்து பாக்குறதை நான் தவிர்த்துட்டேன்.

சண்டை போட்ட ராத்திரி என்ன பண்றதுன்னு ஒரு தோழி கேட்டா. போடுங்க, எபிசோடை. பேசாம உக்காந்து பாருங்க. எங்களுக்கு ஒரு தடவை கேஸ் சிலிண்டர் புக் பண்ண மறந்ததுல பெரிய வாக்குவாதம் ஆயிடுச்சு, ரெண்டு பேரும் கட்டில்ல ஆளுக்கொரு ஓரமா உக்காந்து ட்சுகாசாவும் நாசாவும் சேந்து படம் பாக்குற சீனைப் பாத்தோம். அவளுக்கு சினிமா, கேம்னா உயிரு, அவனுக்கு அதுல ஒண்ணுமே தெரியாது, ஆனா அவளுக்குப் பிடிச்சதை அவ முகத்தைப் பாத்தே கத்துக்குவான். எபிசோட் முடிஞ்சதும் அவர் போனை எடுத்து சிலிண்டர் புக் பண்ணினார். நான் மன்னிப்புக் கேட்டேன், அவரும் கேட்டார், யார் முதல்லன்னு இப்ப ஞாபகம் இல்ல.

பாக்குறதுக்கு நல்ல நாள் ஒண்ணும் இருக்கு. நவம்பர் 22. ஜப்பான்ல 11, 22ங்கிற எண்களை "ஈ ஃபூஃபு"ன்னு படிக்கலாம், நல்ல தம்பதின்னு அர்த்தம், அதனால அந்த நாளை நல்ல தம்பதி நாளாவே வெச்சிருக்காங்க, கல்யாண ஃபார்ம் குடுக்கவும் நிறைய பேர் அந்தத் தேதியைத் தேடிப் போவாங்க. செய்ஃபுகு எபிசோடை 2022ல சரியா அந்த நாள்லதான் வெளியிட்டாங்க. நாங்க ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 22 ராத்திரி அந்த எபிசோடைத் திரும்பப் போடுறோம்.

30ம் முடிஞ்சதும் இதோட மூலக் கதையான மாங்காவுக்கு, அதாவது ஜப்பான் காமிக்ஸுக்குப் போங்க, 2018 பிப்ரவரி 14ல, காதலர் தினத்துலதான் ஷோனென் சண்டே பத்திரிகைல அது ஆரம்பிச்சது, அனிமே தொடாத ஆழமெல்லாம் அதுல இருக்கு, ட்சுகாசா யாருங்கிற கேள்வியை ஓரமா வெக்கச் சொன்னேனே, அதை இப்ப எடுத்துக்கலாம். ஆனா போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ராத்திரி முதல் எபிசோடை மறுபடியும் போடுங்க, இந்தத் தடவை சப்டைட்டிலை ஆஃப் பண்ணிடுங்க. கதை தெரியும், யார் என்ன பேசுறாங்கன்னும் தெரியும். பனி பேஞ்சிட்டு இருக்கும், பஸ் ஸ்டாப்ல அவ திரும்பிப் பாப்பா, பதில் சொல்லுவா. அதுல "கெக்கோன்"னு ஒரு வார்த்தை வரும், கல்யாணம். அது காதுல விழுந்ததும் பக்கத்துல உக்காந்திருக்கிறவங்க கையைத் தூக்குறாங்களான்னு பாருங்க.